அசீரியக் காவல் உருவங்கள்: எந்த இடத்தில் யார் நின்றார்கள், ஏன்?

#1 தொல்லெழுத்து

இன்றைய வடக்கு ஈராக்கில் இருந்த பழைய அசீரியாவைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் சிறகுள்ள மனிதத்தலைக் காளையில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகின்றன. அது பெரியது, கண்ணைப் பறிப்பது, மறுக்கவில்லை. ஆனால் அசீரியர் தங்கள் வீட்டைக் காக்க நம்பியிருந்தவர்களின் பட்டியல் நீளமானது. மீன்தோல் போர்த்த ஞானிகள், கழுகுமுக ஞானிகள், சிங்கத்தலை உகல்லு, ஆறு சுருள்முடி லஹ்மு, தேள்மனிதன், ஆட்டுமீன், பத்து நாய்கள். இவர்களில் பலர் தரைக்கு அடியில், செங்கல் பெட்டிக்குள், ஒரு சாண் உயரம்கூட இல்லாத களிமண் உருவங்களாக இருந்தார்கள். வீட்டுக்காரர் அவர்களைத் தினமும் மிதித்துத்தான் நடந்தார்.

முகத்தை மட்டும் பார்த்து இவர்களை அடையாளம் காண முயல்வதால்தான் குழப்பம் வருகிறது என்பது என் கருத்து. எங்கே இருந்தது, கையில் என்ன வைத்திருக்கிறது, எதனால் செய்தது என்ற மூன்றையும் கேட்க வேண்டும். தீமை நுழையும் வழிகள் என்று அவர்கள் கருதியவை தெளிவாகவே தெரிகின்றன: வெளிவாசல், நிலைப்படி, சாக்கடை வாய், கட்டிலின் தலைமாடு, அறையின் மூலை. ஒவ்வொரு வழிக்கும் ஒரு காவலர்.

இதற்கு ஆதாரம் ஆசூர் நகரில் கிடைத்த ஒரு சடங்குப் பலகை. ஒருவன் வீட்டில் தீமை கால் வைக்காமல் தடுக்கும் முறை என்று அதன் முதல் வரி தொடங்குகிறது. உருவத்துக்கு என்ன மரம், எத்தனை, கையில் என்ன, மேலே என்ன பூச்சு, எங்கே புதைப்பது என்று வரிசையாகச் சொல்கிறது. ஓதுவதும் செய்வதும் ஆஷிப்பு என்ற சடங்கு வல்லுநரின் வேலை. அதைப் படித்தவர்கள் இங்கே இருப்பது தெரியும். விரிவாகப் பேசலாம்.

#2 மண்கலம்

நல்ல தொடக்கம். செய்முறையை நான் எழுதுகிறேன்.

மர உருவங்கள் இரண்டு வகை. ஏரு என்ற மரத்தில் ஏழு ஞானிகள். இவர்கள் மனித முகம் உடையவர்கள். ஊர், நிப்பூர், எரிது, குல்லாப், கேஷ், லகாஷ், ஷுருப்பக் என்று ஏழு பழைய நகரங்களுக்கு ஒருவராகப் பெயர் பெற்றவர்கள். பினு என்ற மரத்தில் ‘எழுவர்’ எனப்படும் ஆயுதம் தாங்கிய தெய்வங்கள் முதலான மற்ற தெய்வ உருவங்கள். பினு என்பது வறண்ட, உப்பேறிய நிலத்தில் வளரும் தமரிஸ்க். தெய்வத்தின் எலும்பு அது என்று ஓதலில் வரும். அதனால் கண்டபடி வெட்ட முடியாது. முதலில் மரத்தைத் தூபத்தாலும் தீப்பந்தத்தாலும் தூயநீராலும் சுத்திகரிக்க வேண்டும். பிறகு பொன் கோடரியும் வெள்ளி ரம்பமும் கொண்டு வெட்ட வேண்டும்.

களிமண்ணுக்கும் இதே கண்டிப்பு உண்டு. காலை சூரியன் எழும் நேரத்தில் களிமண் குழிக்குப் போக வேண்டும். அங்கேயும் தூபம், பந்தம், தூயநீர். குழிக்கு விலையும் கொடுக்க வேண்டும்: ஏழு மணி வெள்ளி, ஏழு மணி பொன், கார்னீலியன் என்னும் செந்நிறக் கல், ஹுலாலு கல். சூரியக் கடவுள் ஷமஷுக்குப் படையல் வைத்து, குழியைப் பெயர் சொல்லி அழைத்து ஓதி, அதன் பிறகுதான் மண்ணைக் கிள்ள வேண்டும். விலை கொடுக்காமல் எடுத்த மண் வெறும் மண். அது காவலனாகாது. சடங்கின் தர்க்கம் இதுதான் என்று நினைக்கிறேன்.

களிமண்ணில் வருபவர்கள்: மெழுகு கலந்த களிமண்ணில் சிறகும் பறவைமுகமும் கொண்ட ஞானிகள் ஏழு பேர், மீன்தோல் போர்த்த ஞானிகள் ஏழு பேர், லஹ்மு, பஷ்மு என்ற நச்சுப்பாம்பு, முஷ்ஹுஷ்ஷு என்ற பாம்புத்தலை விலங்கு, உகல்லு, உரிதிம்மு என்ற வெறிநாய், குசரிக்கு என்ற காளைமனிதன், ஆணும் பெண்ணுமாகத் தேள்மனிதர், உர்மஹ்லுல்லு என்ற சிங்க உடல் மனிதன், குலுல்லு என்ற மீன்மனிதன், சுஹுர்மாஷு என்ற ஆட்டுமீன், கடைசியாக நாய்கள்.

நாய்கள் பத்து. ஐந்து நிறங்களில் நிறத்துக்கு இரண்டு. ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுத வேண்டும். பெயர்களே கட்டளைகள்: ‘யோசிக்காதே, கடி’, ‘பகைவனைப் பிடிப்பவன்’, ‘எதிரியைக் கடிப்பவன்’, ‘தீயவரை வெளியேற்றுபவன்’, ‘உரத்த குரைப்பினன்’. இந்த ஐந்து பெயர்களும் எழுதிய ஐந்து நாய்கள் நினிவேயில் அசீரிய அரசன் அஷூர்பனிபாலின் வடக்கு அரண்மனையில் அகப்பட்டன. இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நிறப்பூச்சின் தடம் இன்னும் தெரிகிறது. ஏடு சொல்வதும் மண்ணில் கிடைத்ததும் இவ்வளவு நெருக்கமாகப் பொருந்துவது அரிது.

#3 இளவேனில்

மண்கலம் அண்ணா, மற்ற உருவங்களும் இப்படிப் பொருந்துகின்றனவா? ஏழு என்றால் அகழ்வில் ஏழுதான் கிடைக்கிறதா? ஏடு ஒரு லட்சிய நிலையைச் சொல்லியிருக்கலாம், வீட்டில் செய்தது வேறாக இருந்திருக்கலாம் அல்லவா?

#4 மண்கலம்

சரியான கேள்வி, இளவேனில். பொருந்துவதும் உண்டு, பொருந்தாததும் உண்டு.

ஆசூரில் ஜெர்மானியர் 1903 முதல் 1914 வரை வால்டர் ஆந்த்ரே தலைமையில் தோண்டினார்கள். சாதாரண வீடுகளின் தரைக்கு அடியிலும் பெட்டிகள் வந்தன. நிம்ரூதில் மேலோவன் 1949இல் தொடங்கிய அகழ்வில் எரிந்த அரண்மனை எனப்படும் கட்டடத்திலும், மூன்றாம் ஷல்மனேசரின் கோட்டையிலும் அறை மூலைகளிலும் கதவோரங்களிலும் கிடைத்தன. இரண்டாம் சர்கோன் அரசனின் நகரான கோர்சாபாதில் 1840களிலேயே பிரெஞ்சு அகழ்வாளர் போத்தா பார்த்துவிட்டார். முற்றத் தளத்துக்கு அடியில், செங்கல்லால் கட்டிய சிறு குழிகளில்.

பொருந்தும் இடம்: லஹ்முவின் கைகளில் எழுத வேண்டியது என்று ஏடு தரும் வாசகம். ஒரு கையில் ‘நலத்தின் காவலனே, உள்ளே வா’, மறு கையில் ‘தீமையின் காவலனே, வெளியே போ’. இதே வாசகத்தோடு உருவங்கள் கிடைத்திருக்கின்றன. ஒரே பெட்டியில் ஏழு ஞானிகள் இருந்ததும் உண்டு.

பொருந்தாத இடம்: மர உருவங்கள். ஏட்டில் முதலிடம் அவர்களுக்குத்தான். ஆனால் ஈரத்திலும் கரையானிலும் அவர்கள் போய்விட்டார்கள். வெறும் பெட்டி கிடைத்தால் ‘காலி’ என்று குறிப்பெழுதிவிட்டு நகர்வது தவறு. அடியில் மக்கிய மரத்தூள் இருந்ததா, ஒட்டிய பூச்சுத்துகள் இருந்ததா என்று சலித்துப் பார்க்க வேண்டும். களிமண் உருவங்களும் பெரும்பாலும் சுடாதவை. வெயிலில் காயவைத்து மேலே சாந்து பூசியவை. நிலத்தடி ஈரம் ஏறிய பெட்டியில் அவை மீண்டும் சேறாகின்றன. ஏழில் நான்கு கிடைத்தால் மற்ற மூன்றும் வைக்கப்படவில்லை என்று முடிவுகட்ட முடியாது. வசதிக்கேற்பக் குறைத்து வைத்த வீடுகளும் இருந்திருக்கும்தான். அதைச் சொல்லப் பெட்டியின் அளவையும் பார்க்க வேண்டும்: ஏழு பேர் நிற்கக்கூடிய பெட்டியா, ஒருவருக்கு மட்டும் கட்டியதா?

#5 தொல்லெழுத்து

இடம் என்று தொடங்கினேன், அதற்கு நல்ல சான்று உர்மஹ்லுல்லு. இடுப்புக்கு மேலே மனிதன், கீழே நான்கு கால் சிங்கம். இவன் ஏன் வேண்டும்? ஷுலக் என்ற தீய ஆவி கழிப்பறையில் பதுங்கியிருக்கும் என்று மருத்துவ ஏடுகள் எச்சரிக்கின்றன. அங்கே போகிறவனை அது அடிக்கும், பக்கவாதம் போன்ற நோய் வரும். அதற்கு எதிராக நிறுத்தப்பட்டவன்தான் உர்மஹ்லுல்லு. ஆகவே இவன் உருவம் கிடைத்த அறையில் வடிகால் குழாய், தார் பூசிய தரை, சுட்ட செங்கல் தளம் உண்டா என்று தேடுங்கள். பல வேளைகளில் அறையின் பயனை உருவமே காட்டிக்கொடுத்துவிடும்.

ஞானிகளின் இடமும் இப்படித்தான் குறிக்கப்படுகிறது: கட்டிலின் தலைமாட்டில், வாசலுக்கு நேர் எதிரே, நாற்காலிக்குப் பின்னால், படுக்கையறை நிலைப்படியில். மனிதன் அசையாமல், காவலற்று இருக்கும் இடங்கள் இவை. நோயாளி படுத்திருக்கும் அறைக்கு ‘பீத் மேசெரி’ என்ற தனிச் சடங்கே உண்டு. அதில் உருவங்களைச் செய்வதோடு சுவரிலும் கதவிலும் ஜிப்சத்தாலும் கருஞ்சாந்தாலும் வரையவும் சொல்கிறது. புதைத்தது கண்ணுக்குத் தெரியாது. நோயாளிக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சுவர் ஓவியம் என்று நினைக்கிறேன்.

#6 பேரீச்சந்தோப்பு

வீட்டுச் சடங்கு சரி. அரண்மனைச் சிற்பத்தையும் அதே சட்டகத்தில் அடைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நிம்ரூதில் இரண்டாம் அஷூர்நசிர்பாலின் (கி.மு. 883–859) வடமேற்கு அரண்மனையைப் பாருங்கள். கழுகுமுக உருவம், கையில் கூம்பு, மற்றொரு கையில் வாளி, நடுவில் அலங்கார மரம். 1890லேயே மானிடவியலாளர் டைலர் இதைப் பேரீச்சை மகரந்தச் சேர்க்கை என்று விளக்கினார். பேரீச்சையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. காற்றை நம்பினால் காய்ப்பு குறையும். ஆண் பூங்குலையை வெட்டி வந்து பெண் பாளைக்குள் கையால் செருகுவது மெசொப்பொத்தேமியாவில் காலங்காலமாக நடந்த தோப்பு வேலை. பாளையிலிருந்து வெளிப்படும் ஆண் பூங்குலையின் வடிவம் கூம்பு. குலைகளைச் சுமக்கக் கூடை. வளத்தைத் தரும் அரசனின் படிமம் இது. இதில் பேயோட்டல் எங்கே வந்தது?

#7 நினிவேவாசல்

பேரீச்சந்தோப்பு ஐயா, தோட்ட வேலையைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் சிற்பங்களைச் சுவர் சுவராகப் பார்த்தால் அந்த விளக்கம் நிற்பதில்லை.

முதலாவது, கூம்பு மரத்தை நோக்கி மட்டும் நீட்டப்படவில்லை. அரசனின் பிடரியை நோக்கி நீட்டியிருக்கிறது. அவன் ஆயுதங்களை நோக்கி நீட்டியிருக்கிறது. சில கதவோரங்களில் எதிரே எதுவுமே இல்லை. அந்த வழியாக வருகிறவரை நோக்கி நீட்டியிருக்கிறது. பிடரியிலும் வில்லிலும் மகரந்தம் தூவ வேண்டிய தேவை என்ன?

இரண்டாவது, இதே கூம்பும் வாளியும் மண்கலம் சொன்ன சடங்கு ஏட்டில் ஞானிகளின் கைப்பொருளாக வருகின்றன. வலக்கையில் முல்லிலு, அதாவது தூய்மை செய்வது. இடக்கையில் பந்துத்து, அதாவது வாளி. வாளியில் தூயநீர், கூம்பால் தெளிப்பு என்று கொண்டால் மரம், அரசன், ஆயுதம், வாசல் எல்லாவற்றுக்கும் ஒரே செயல் பொருந்துகிறது.

மூன்றாவது, அந்த ‘மரம்’. ஒரு தண்டு, பனையோலை விசிறி போன்ற உச்சி, சுற்றிலும் கொடிபோல் பின்னிய கிளைகளில் சிறு விசிறிகள். காய்க்குலை தொங்கும் பேரீச்சையை அசீரியச் சிற்பிகள் போர்க்காட்சிகளில் அப்படியே செதுக்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு அது தெரியாமல் இல்லை. இங்கே வேண்டுமென்றே வேறு ஒன்றைச் செய்தார்கள்.

கூம்பின் செதில்களைக் கிட்டத்தில் பார்த்தால் ஊசியிலை மரத்தின் காய்போல் இருக்கிறது. தண்ணீரில் முக்கினால் செதில்களுக்கு இடையே நீர் தங்கும். தெளிக்க உதவும்.

#8 பேரீச்சந்தோப்பு

பிடரி வாதம் வலுவானது, ஒப்புக்கொள்கிறேன். மரம் வளத்தின் அடையாளம் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். தூய்மை செய்யப்படுவது வளம்தான் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் ஒத்துப்போகும்.

#9 நினிவேவாசல்

அதில் எனக்கும் மறுப்பில்லை.

அரண்மனையும் வீடும் ஒரே முறைதானா என்ற உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். காலத்தை வைத்துப் பார்க்க வேண்டும். கி.மு. 9ஆம் நூற்றாண்டில் அஷூர்நசிர்பாலின் சுவர்களை ஞானிகள் நிரப்பியிருக்கிறார்கள். ‘ஐ’ என்று குறியிட்ட அறையில் மேலும் கீழுமாக இரண்டு வரிசை, நடுவே அரசனின் புகழ்க் கல்வெட்டு. மீன்போர்த்த ஞானி அங்கே அருகிலுள்ள நினூர்த்தா கோயில் வாசலில் இருந்தார். கி.மு. 7ஆம் நூற்றாண்டில் சென்னாகெரிப், அஷூர்பனிபால் என்ற அரசர்களின் காலத்தில் சுவர்களைப் போர்க்காட்சியும் வேட்டைக்காட்சியும் எடுத்துக்கொள்கின்றன. காவல் உருவங்கள் கதவு நிலைகளுக்கு ஒதுங்குகின்றன. ஆனால் அங்கே வருபவர்கள் புதிய ஆட்கள்: உகல்லு, லஹ்மு, எழுவர், லுலல் என்ற சிறு தெய்வம். அதாவது வீட்டுத்தரைக்கு அடியில் இருந்த அதே கூட்டம், இப்போது ஆள் உயரக் கல்லில். வடக்கு அரண்மனைக் கதவோரப் பலகை ஒன்றில் உகல்லுவும் அதன் பின்னால் முஷ்டியை உயர்த்திய லுலலும் நிற்பதைப் பார்க்கலாம். ஆஷிப்புவின் ஏடு அரண்மனைக்குள் நுழைந்துவிட்டது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இவர்களில் பலர் முன்பு எதிரிகள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாபிலோனியப் படைப்புக் காவியத்தில் ஆதிக் கடலான தியாமத் உருவாக்கிய பதினோரு படையினரில் பஷ்மு, முஷ்ஹுஷ்ஷு, உகல்லு, உரிதிம்மு, தேள்மனிதன், மீன்மனிதன், காளைமனிதன் எல்லாரும் உண்டு. மர்துக் கடவுள் அவர்களை வென்று, அவர்களின் உருவங்களை அப்சு என்ற நிலத்தடி நன்னீர் உலகின் வாசலில் நிறுத்துகிறான். தோற்கடிக்கப்பட்டவன் வாயிற்காவலனாகிறான். ஞானிகள் அப்படியல்லர், அவர்கள் தொடக்கத்திலிருந்தே அப்சுவில் வாழும் எயா கடவுளின் பக்கம். அதனால்தான் ஞானி தூயநீரை ஏந்துகிறார், உகல்லு குறுவாளையும் கதாயுதத்தையும் ஏந்துகிறது.

#10 கல்தச்சன்

பெரிய காளைகளைப் பற்றி யாரும் தொடவில்லையே. கல் வேலையிலிருந்து தொடங்குகிறேன்.

அசீரிய அரண்மனைப் பலகைகள் ‘மோசூல் பளிங்கு’ என்று அழைக்கப்பட்டாலும் பளிங்கு அல்ல, ஜிப்சம். நகத்தால் கீறக்கூடிய மென்மை. தலைமுடிச் சுருளையும் இறகின் நரம்பையும் அவ்வளவு நுட்பமாகச் செதுக்க முடிந்ததற்கு அதுவே காரணம். குறைகள் இரண்டு. தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். மழைபடும் இடத்தில் வைத்தால் கண்ணும் உதடும் முதலில் மழுங்கும். தீ பட்டால் உள்ளிருக்கும் நீர் வெளியேறி மாவாக உதிரும். கி.மு. 612இல் நினிவே வீழ்ந்து எரிந்தபோது பலகைகள் வெடித்து உதிர்ந்ததற்கு இதுதான் காரணம். சுத்தம் செய்கிறேன் என்று ஈரத்துணியால் தேய்ப்பவர்கள் இதை மனதில் கொள்ள வேண்டும்.

அளவு: கோர்சாபாதிலிருந்து பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போன ஜோடி 4.42 மீட்டர் உயரம், ஒவ்வொன்றும் சுமார் 16 டன். சிகாகோவில் இருப்பது சுமார் 40 டன்; 1929இல் துண்டுகளாக எடுத்து ஒட்டியது.

இவ்வளவு எடையை எப்படி நகர்த்தினார்கள் என்பதைச் சென்னாகெரிப்பே நினிவேயின் தென்மேற்கு அரண்மனைச் சுவரில் செதுக்கி வைத்திருக்கிறார். பலாதாய் என்ற கல்குழியில் காளையை முழுதாக முடிக்காமல் வடிவத்துக்கு மட்டும் செதுக்குகிறார்கள். இதில் இரண்டு லாபம்: எடை குறையும், வழியில் மூக்கோ கொம்போ உடைந்தால் திருத்த மிச்சக் கல் இருக்கும். படகுபோல் முன்பக்கம் வளைந்த மரச் சறுக்குவண்டியில் ஏற்றுகிறார்கள். நீண்ட கயிறுகளில் ஆட்கள் வரிசையாக இழுக்கிறார்கள். பின்பக்கம் பெரிய நெம்புகோல், அதன் அடியில் ஆப்பு. நெம்புகோலின் மேல்முனையில் கயிறு கட்டி ஆட்கள் தொங்குகிறார்கள். முன்னாலிருந்து மட்டும் இழுத்தால் நிற்கும் சுமை அசையாது. பின்னாலிருந்து ஒரு தூக்கு கொடுத்து உராய்வை உடைத்தால்தான் முதல் அடி நகரும். காளையின் மேல் நிற்பவர்கள் கைதட்டியும் ஊதுகொம்பாலும் தாளம் தருகிறார்கள். எல்லாரும் ஒரே நொடியில் இழுக்காவிட்டால் கயிறு அறுந்துவிடும். தன் முன்னோர் ஆற்றின் எதிர்க்கரையில் கல் வெட்டி, வெள்ளம் வரும் மாதத்தில் படகில் கடத்த அல்லல்பட்டதைச் சென்னாகெரிப் கல்வெட்டில் எழுதியிருக்கிறார். பலாதாய் அதற்கு மாற்றாக வந்தது.

கயிறு எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1847ஐயும் பார்க்கலாம். ஆங்கிலேய அகழ்வாளர் லேயார்ட் நிம்ரூதில் காளையைச் சாய்த்து இறக்கியபோது கடைசி ஐந்தடிக்குள் கயிறுகள் அறுந்தன. காளை உருளைகள் மேல் விழுந்தது, நல்லவேளை, உடையவில்லை. பிறகு சுமார் முந்நூறு ஆட்கள் வண்டியில் இழுத்து ஆற்றுக்குக் கொண்டுபோனார்கள். ஊதிய ஆட்டுத்தோல் பைகள் நூற்றுக்கணக்கில் கட்டிய தெப்பத்தில் பாஸ்ராவுக்கு மிதக்கவிட்டார்கள். அங்கிருந்து போன கப்பல் வழி பம்பாயைத் தொட்டது. மும்பை அருங்காட்சியகத்தில் இன்று அசீரியப் பலகைகள் இருக்கின்றன, போகிறவர்கள் தவறவிடாதீர்கள். எல்லாத் தெப்பமும் கரைசேரவில்லை. 1855இல் குர்னாவுக்கு அருகே பிரெஞ்சுக்காரர்களின் தெப்பங்கள் கொள்ளைக்காரர்களால் மூழ்கடிக்கப்பட்டு, இருநூறுக்கும் மேற்பட்ட பெட்டிகள் ஆற்றுக்குள் போயின.

#11 இளவேனில்

கல்தச்சன் ஐயா, இந்தக் காளைகளுக்கு ஐந்து கால் எதற்கு? சிலவற்றில் நான்குதானே தெரிகிறது?

#12 கல்தச்சன்

வாசல் நிலையில் பொருந்தும் கல் அது. முன்முகம் வெளியே தெரியும், ஒரு பக்கம் வாசல் நடைக்குள் தெரியும். முன்னால் வருகிறவருக்கு இரண்டு கால் ஊன்றி நிற்பது தெரிய வேண்டும். கடந்து போகிறவருக்கு நான்கு கால் நடப்பது தெரிய வேண்டும். முன்கால் ஒன்று இரண்டு பக்கத்துக்கும் பொது. கூட்டினால் ஐந்து. மூலையில் நின்று பார்த்தால்தான் ஐந்தும் கண்ணில் படும். அஷூர்நசிர்பால் காலத்திலும் இரண்டாம் சர்கோன் காலத்திலும் ஐந்து. சென்னாகெரிப் காலத்தில் நான்காக மாறியது. நான்கு காலென்றால் கோர்சாபாத் அல்ல, நினிவே என்று முதல் ஊகம் செய்யலாம்.

வயிற்றுக்கு அடியில், கால்களுக்கு இடையில் உள்ள பரப்பையும் பாருங்கள். அரசனின் கட்டடக் கல்வெட்டு அங்கேதான். பீடத்தையும் விட்டுவிடாதீர்கள்: கோர்சாபாத் காளை ஒன்றின் பீடத்தில் இருபது கட்ட ஆட்டத்தின் பலகை கீறப்பட்டிருக்கிறது. வாயிற்காவலர் யாரோ பொழுதுபோக்கக் கீறியது. அந்தக் கோட்டைப் பார்க்கும்போது எனக்கு அரசனைவிடக் காவல்காரன் நெருங்கி வருகிறான்.

#13 நெறியாளர்

‘பழைய பஸூஸு தலை விற்பனைக்கு’ என்ற இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. ஈராக்கிலிருந்து சட்டவிரோதமாக எடுத்துச் செல்லப்பட்ட தொல்பொருளை வாங்குவதையும் விற்பதையும் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் 2003ஆம் ஆண்டின் 1483ஆம் தீர்மானம் தடைசெய்கிறது. இங்கே அதற்கு இடமில்லை. உரையாடல் தொடரட்டும்.

#14 நினிவேவாசல்

பஸூஸு பெயர் வந்ததால் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் உகல்லுவையும் பஸூஸுவையும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள்.

உகல்லு: சிங்கத்தலை, நிமிர்ந்த கழுதைக்காது, மனித உடல், பறவைக்கால், உயர்த்திய கையில் குறுவாள். சிறகு கிடையாது. பஸூஸு: சதுரமான நாய்முகம், பிதுங்கிய கண், கொம்பு, இரண்டு ஜோடிச் சிறகு, தேள்வால், விலா எலும்பு தெரியும் உடல், பறவை நகக்கால். ஒரு கை மேலே, ஒரு கை கீழே. லூவ்ரில் உள்ள வெண்கல உருவம் 15 சென்டிமீட்டர். அதன் முதுகில் ‘நான் பஸூஸு, ஹன்பியின் மகன், தீய காற்றாவிகளின் அரசன்’ என்று எழுதியிருக்கிறது.

தீயவர்களின் அரசனை எதற்கு மாட்டினார்கள்? லமஷ்துவை விரட்ட. இவள் வானக்கடவுள் அனுவின் மகள், கருவுற்றவளையும் பச்சிளங்குழந்தையையும் தேடி வருபவள். அவளை அடக்கும் அதிகாரம் அவனுக்கு உண்டு. பஸூஸுவின் தலையை மட்டும் கல்லிலோ வெண்கலத்திலோ செய்து, உச்சியில் வளையம் வைத்துக் கழுத்தில் அணிந்தார்கள். ஆகவே வளையமோ துளையோ இல்லாத தலை கிடைத்தால் அது அணியும் காப்பாக இருந்ததா என்று முதலில் கேட்க வேண்டும்.

லூவ்ரின் வெண்கலப் பலகை ஒன்று முழுச் சிகிச்சையையும் காட்டுகிறது, உயரம் சுமார் 14 சென்டிமீட்டர். மேல்விளிம்புக்கு மேலே பஸூஸு எட்டிப் பார்க்கிறான். முதல் வரியில் தெய்வச் சின்னங்கள். அடுத்து விலங்குத்தலை ஆவிகள் ஏழு. மூன்றாவதில் கட்டிலில் நோயாளி, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் மீன்போர்த்த ஞானிகள். அடியில் லமஷ்து, கழுதைமேல், படகில். மார்பில் பன்றிக்குட்டியும் நாய்க்குட்டியும் பால் குடிக்கின்றன. பக்கத்தில் அவளுக்குக் கொடுத்தனுப்பும் பொருட்கள். அவளைக் கொல்வதில்லை, வழிச்செலவு கொடுத்து ஆற்றோடு அனுப்புகிறார்கள். தொல்லெழுத்து சொன்ன ‘கட்டிலின் தலைமாடு’ இங்கே வெண்கலத்தில் அப்படியே இருக்கிறது.

#15 வகுப்பறை

பள்ளிக் கண்காட்சிக்கு மாணவர்கள் இந்த ஞானி உருவங்களைக் களிமண்ணில் செய்ய வேண்டும். மெய்யான முறைக்கு எவ்வளவு நெருங்கிச் செய்யலாம்? பெரும்பாலும் காய்ந்ததும் பிளந்துவிடுகிறது.

#16 மண்கலம்

மீன்போர்த்த ஞானியையே எடுத்துக்கொள்ளுங்கள் டீச்சர், அதுதான் எளிது. உயரம் 12 முதல் 14 சென்டிமீட்டர் போதும், அசல்களின் அளவும் ஏறக்குறைய அதுதான். பல அசல்கள் ஒற்றை அச்சில் அழுத்தியவை. முன்பக்கம் மட்டும் வடிவம், பின்பக்கம் விரலால் தட்டிய தட்டை.

பிளவுக்குக் காரணம் பெரும்பாலும் மூன்று. கனம் ஒரே சீராக இல்லாமல் தலை மெலிந்து அடி பருத்திருப்பது; மெலிந்த இடம் முதலில் சுருங்கி இழுக்கும். மண் மிகக் கொழுப்பாக இருப்பது. ஐந்து பங்கு களிமண்ணுக்கு ஒரு பங்கு சலித்த மெல்லிய மணல் சேர்த்துப் பிசையுங்கள். நேரே வெயிலில் வைப்பது. முதல் மூன்று நாள் நிழலில், ஈரத்துணி மூடி, தினமும் ஒருமுறை திருப்பி வையுங்கள். அதன் பிறகு வெயில்.

அச்சு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்யலாம். மண்ணை அழுத்தும் முன் உள்ளே சாம்பல் தூவினால் ஒட்டாது. கையை உடலைவிட்டுத் தனியாக நீட்டவிடாதீர்கள். அசல்களில் கையும் வாளியும் உடலோடு ஒட்டியே இருக்கும். அதனால்தான் அவை இத்தனை நூற்றாண்டு உடையாமல் நின்றன. மீன்தலை மனிதத்தலைக்கு மேலே தொப்பிபோல் வரும், மீனுடல் முதுகில் தொங்கும். மீனின் வாயிலிருந்து மனிதன் வருவதாகச் செய்தால் தவறு. நன்றாகக் காய்ந்ததும் வெள்ளைச் சாந்து ஒரு பூச்சு, அதன்மேல் கருப்பில் செதில் கோடுகள். வலக்கையில் கூம்பு, இடக்கையில் வாளி. அச்சு எடுக்கும்போது இடம் வலமாகத் திரும்பிவிடும் என்பதால் அச்சின் உள்ளே கூம்பு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். மாணவர்கள் அச்சை நேரடியாகக் குடையும்போது இதைத்தான் மறப்பார்கள். முதலில் முழு உருவத்தைச் செய்து அதன்மேல் அச்சு எடுத்தால் இந்தச் சிக்கலே வராது.

காட்சிப்பெட்டியில் வைக்கும்போது ஏழையும் ஒரே செங்கல் பெட்டியில் நிறுத்துங்கள். பெட்டி இல்லாமல் மேசைமேல் வைத்தால் இவர்கள் இருந்த இடம் பார்ப்பவருக்குப் புரியாது.

#17 இளவேனில்

கோர்சாபாதில் 2023இல் மீண்டும் ஒரு காளை எடுத்தார்களே, அதற்குத் தலை இல்லை என்று செய்தி வந்தது. அது உடைக்கப்பட்டதா?

#18 கல்தச்சன்

2015இல் நினிவேயின் நெர்கல் வாசல் காளைகளின் முகத்தை ஐ.எஸ். ஆட்கள் துளையிடும் கருவியால் சிதைத்தார்கள். அதே ஆண்டில் நிம்ரூதின் வடமேற்கு அரண்மனையையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள். கோர்சாபாத் காளையின் கதை அதற்கும் முந்தியது. அதன் தலையை 1995இல் திருடர்கள் வெட்டி எடுத்தார்கள். கடத்த வசதியாகத் துண்டுகளாக அறுத்தார்கள். தலை மீட்கப்பட்டு, ஒட்டப்பட்டு, பாக்தாத் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உடல் மண்ணுக்குள்ளேயே இருந்தது. 2023 இலையுதிர் காலத்தில் பாஸ்கல் பியூத்தர்லாங் தலைமையிலான பிரெஞ்சு ஈராக்கியக் குழு அதைத் திறந்தது. 18 டன், உயரம் 3.8 மீட்டர், அகலம் 3.9 மீட்டர். இறகுகளின் செதுக்கு கூர்மை குறையாமல் இருக்கிறது. மண் மூடியிருந்ததால் மழை தொடவில்லை.

அது நகரின் ஆறாம் வாசலில், சர்கோனின் காலத்தில் வைத்த இடத்திலேயே நிற்கிறது.